விற்பனைக்கு வரும் பழைய வீடுகள்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத்தின் நில வரலாறு

கேரளத்தின் கிழக்கு எல்லையில் தமிழகத்தை ஒட்டிக் கிடக்கும் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில், பழுது நீக்கிப் புதுப்பிக்கப்பட்ட பழைய வீடுகள் தோப்போடும் கிணற்றோடும் விலைக்கு வருவதும், வாங்கியோர் அவற்றை விருந்தினர் இல்லங்களாக மாற்றுவதும் இன்று பாலக்காட்டில் வழக்கமாகவும் இடுக்கியில் அரிதாகவும் நடக்கின்றன. அவ்வீடுகளின் மரவேலையும் முற்றத்தின் அழகும் பேசப்படும் அளவுக்கு, அவை நிற்கும் நிலம் யாருடைய உரிமையில் இருந்தது என்பது பேசப்படுவதில்லை. ஆயினும் எந்த வீடு தனிச்சொத்தாகக் கைமாறலாம், எது கைமாற முடியாது என்பதை முடிவு செய்தது அந்நில உரிமையே. விடுதலைக்கு முன் இந்த எல்லைப்புறம் மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தது: பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும், அதை அடுத்த சித்தூர் கொச்சி சமஸ்தானத்திலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும் அடங்கியிருந்தன. 1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்பு இவற்றை ஒரே மாநிலத்தில் சேர்த்தபோதிலும், பழைய நில முறைகளின் விளைவுகள் பத்திரங்களில் இன்றும் தொடர்கின்றன.

1792இல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மலபாரைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, அங்கு வழங்கிய ‘ஜென்மம்’ என்னும் பரம்பரை நில உரிமையை முழுத் தனியுடைமையாக ஏற்றுக்கொண்டது. அவ்வுரிமை உடையவர் ஜென்மி எனப்பட்டார். அவரிடம் ஒரு தொகையை ஈடாகக் கொடுத்து நிலத்தை வைத்திருந்தவர் காணக்காரர். ஈடின்றி, ஜென்மியின் விருப்பம் உள்ளவரை மட்டும் உழுதவர் வெறும்பாட்டக்காரர். இம்மூவருக்கும் கீழே, நிலத்தோடு சேர்த்தே விற்கவும் அடகு வைக்கவும் பட்ட செறுமர் முதலான உழைப்பாளர் சாதியினர் இருந்தனர். அடிமை முறைக்குச் சட்ட ஆதரவை நீக்கிய 1843ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னும் அவர்களுடைய வாழ்க்கை நெடுங்காலம் பெரிதாக மாறவில்லை.

இந்த நில முறை திரட்டிய நெல்லே பெரிய தறவாட்டு வீடுகளைக் கட்டியது. தறவாடு என்பது தாய்வழியில் சொத்துரிமை கொண்ட கூட்டுக்குடும்பமும் அது வாழ்ந்த வீடும் ஆகும். அதன் மூத்த ஆண் உறுப்பினரான காரணவர் சொத்தை நிர்வகித்தார். நான்கு கட்டடங்கள் ஒரு நடுமுற்றத்தைச் சூழ்ந்து நின்றால் அது நாலுகெட்டு. இரண்டு முற்றங்கள் இருப்பின் எட்டுகெட்டு. திசையைக் கொண்டு வடக்கினி, தெக்கினி, கிழக்கினி, படிஞ்ஞாற்றினி எனப் பெயர் பெற்ற அக்கட்டுகளின் அளவுகள், ஏறத்தாழ 72 செ.மீ. நீளமுள்ள ‘கோல்’ என்னும் அலகால் கணிக்கப்பட்டன. 16ஆம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் மூஸது இயற்றிய ‘மனுஷ்யாலய சந்திரிகை’ தச்சர்களுக்கு இக்கணக்கின் நூலாக விளங்கியது. வீட்டின் உள்ளே மிகுந்த கவனத்தோடு அமைக்கப்பட்ட பகுதி, தடித்த பலகைச் சுவர்கள் கொண்ட ‘அற’ எனும் நெல்லறையே. பாட்டம் எனும் குத்தகை நெல்லாக வந்து சேர்ந்த காலத்தில் குடும்பத்தின் செல்வம் அந்த அறையில்தான் இருந்தது என்பதால் இது வியப்புக்குரியதன்று.

பாலக்காட்டின் அக்ரகாரங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்த பிராமணர்கள் அமைத்த இத்தெருக்களில், பக்கச் சுவரைப் பொதுவாகக் கொண்ட வீடுகள் தொடர்ச்சியாக நிற்க, ஒவ்வொன்றும் திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை எனக் குறுகிய அகலத்தில் நீண்டு செல்கிறது. 1425ஐ ஒட்டிக் கட்டப்பட்டதாகக் கருதப்படும் விசுவநாதசுவாமி கோயிலை மையமாகக் கொண்ட கல்பாத்தி, கேரள அரசால் பாரம்பரிய கிராமமாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதே தெருக்களின் வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. பொதுச் சாலைகளை எல்லா மக்களுக்கும் திறந்துவிட வேண்டும் என ஆர். வீரையன் கொண்டுவந்த தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றம் 1924இல் ஏற்ற சில மாதங்களுக்குள், கல்பாத்தித் தேர்த்திருவிழாவின்போது அத்தெருக்களில் நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டனர். திண்ணையின் அழகைப் போற்றும் எந்த வரலாறும், அத்திண்ணையின் முன்னால் நடக்கும் உரிமைக்காக அடிபட்டவர்களையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

இவ்வீடுகளின் வீழ்ச்சி சட்டத்தின் வழியாகவே வந்தது. தாய்வழிச் சொத்துரிமை குறித்த 1933ஆம் ஆண்டின் சென்னை மருமக்கத்தாயச் சட்டம் தறவாட்டுச் சொத்தைப் பாகம் பிரிக்க வழிவகுத்தது. 1976 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கேரள இந்துக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம், எஞ்சிய கூட்டுச் சொத்திலும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனிப் பங்கை உறுதி செய்தது. இவ்விரண்டுக்கும் இடையில், 1970 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தங்களுடன் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் குத்தகை முறையை முற்றிலும் ஒழித்து நிலத்தைக் குத்தகையாளருக்கு உரியதாக்கியது. ஐந்து பேர் வரை கொண்ட குடும்பத்திற்குப் பத்துத் தர ஏக்கர் என உச்சவரம்பும் விதித்தது. 1971இல் மலபாரின் தனியார் காடுகள் அரசுடைமையானபோது, வீட்டுக்குத் தேக்கும் அயினியும் தந்த மூலமும் அடைபட்டது. நெல் வராத நெல்லறையும், முப்பது பேருக்கு உரிமையுள்ள கூரையும், மாற்றுவதற்கு மரமில்லாத உத்தரமும் சேர்ந்து அவ்வீடுகளைப் பராமரிக்க முடியாதவையாக்கின. பாலக்காட்டு மாவட்டத்தின் கூடல்லூரில் பிறந்த எம். டி. வாசுதேவன் நாயர், 1958இல் வெளியான ‘நாலுகெட்டு’ நாவலின் முடிவில், பழைய வீட்டை இடித்துக் காற்றும் வெளிச்சமும் உள்ள சிறு வீடு கட்டலாம் என்று நாயகனைச் சொல்ல வைத்தது, அத்தலைமுறையின் மனநிலைக்குச் சான்று. அக்ரகாரங்களில் வீடுகள் காலியானதற்கு நிலம் போனதோடு கல்வியும் காரணமாயிற்று. ஆங்கிலக் கல்வி பெற்ற பிள்ளைகள் ரயிலேறிச் சென்னைக்கும் பம்பாய்க்கும் தில்லிக்கும் அலுவலகப் பணிக்குச் சென்றனர்.

இதன் பின் வந்தது பிரித்து விற்கும் காலம். கேரளத்தின் மரவீடுகள் பெரும்பாலும் இரும்பாணியின்றி, பொருத்துகளாலும் மரமுளைகளாலும் இணைக்கப்பட்டவை என்பதால், அவற்றைக் கழற்றி வேறிடத்தில் மீண்டும் பூட்ட முடிந்தது. தூண்களும் கதவுகளும் நெற்பத்தாயங்களும் மட்டாஞ்சேரியின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. முழு வீடுகளே குமரகத்தின் உல்லாச விடுதிகளில் மறுபடி எழுந்தன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, கேரள வீடுகளை இவ்வாறு பெயர்த்துக் கொண்டுவந்து மக்கள் பார்வைக்கு வைத்துள்ளது. அழிவிலிருந்து மரத்தைக் காத்த வழி இது எனினும், இடம் பெயர்ந்த வீடு தன் வயலையும் குளத்தையும் தன் ஊரையும் இழந்துவிடுகிறது.

இருந்த இடத்திலேயே புதுப்பிக்கும் முயற்சிகள் இதற்கு மாற்றாக வளர்ந்தன. கொல்லங்கோட்டில் வேங்கநாட்டு அரச குடும்பத்தின் களரிக் கோவிலகம் என்னும் அரண்மனை ஆயுர்வேத சிகிச்சை இல்லமாயிற்று. ஒற்றப்பாலம் அருகே மனிச்சேரியிலுள்ள வரிக்காச்சேரி மனை, 1993இல் வந்த ‘தேவாசுரம்’ முதலான திரைப்படங்களின் களமாகிப் புகழ் பெற்றது. கதகளியைப் பேணிய வெள்ளிநேழியின் ஒளப்பமண்ண மனை விருந்தினரை ஏற்கிறது. இத்தகைய வேலையில் அடிக்கடி நேரும் பிழை சிமெண்ட் பூச்சு. மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால், உள்ளே தேங்கும் ஈரம் சுவரை உதிர்த்து, அதில் பதிந்த உத்தர முனைகளையும் மட்கச் செய்கிறது. புதுப்பித்தல் என்னும் பெயருக்குத் தகுதியான வேலை, பழைய சுவர் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் அதைச் செப்பனிடுவதே.

இடுக்கியின் நிலை முற்றிலும் வேறு. 1877இல் பூஞ்சாற்றுத் தலைவர் ஜான் டேனியல் மன்றோவுக்கு அளித்த உரிமையிலிருந்து வளர்ந்த கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களில், துரைமார் பங்களாக்கள் தனியார் வீடுகளாக அல்ல, கம்பெனியின் கட்டடங்களாகவே எழுந்தன. 1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நிலமீட்புச் சட்டம் அந்நிலத்தை அரசிடம் சேர்த்து, பயிரிடப்பட்ட பகுதியைக் கம்பெனியிடம் விட்டது. உச்சநீதிமன்றம் 1972இல் அச்சட்டத்தை ஏற்றது. மாவட்டத்தின் பிற பகுதிகளில் குடியேறியோருக்கு, 1964ஆம் ஆண்டின் நில ஒதுக்கீட்டு விதிகளின்படி சாகுபடிக்கும் குடியிருப்புக்குமே பட்டயம், அதாவது அரசின் நில ஒதுக்கீட்டு ஆவணம், தரப்பட்டது. அந்நிலங்களில் விடுதிகள் எழுந்ததால் நீண்ட வழக்குகள் மூண்டு, 2023இல் சட்டமன்றம் திருத்தச் சட்டம் நிறைவேற்றும் நிலை வந்தது. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய அஞ்சுநாட்டு ஊர்களிலோ, தமிழ் வேளாண் குடிகள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து அமைத்த நெருக்கமான குடியிருப்புகள் ஊர்க் கட்டுப்பாட்டின் கீழ் நெடுங்காலம் வாழ்ந்தன. ஜென்மிக்கு முழுத் தனியுடைமை கிடைத்த பாலக்காட்டில் பழைய வீடு இயல்பாகக் கைமாறுவதும், அரசும் கம்பெனியும் நிலத்தைத் தம்மிடம் வைத்திருந்த மலையில் அது அரிதாக இருப்பதும் இவ்வேறுபாட்டின் விளைவே.

ஆகவே இப்பகுதியில் புதுப்பித்த வீட்டை வாங்க முனைவோர், மூலப்பத்திரத்தையும் பாகப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் படிப்பதோடு, எல்லாப் பங்காளிகளும் ஒப்பமிட்டார்களா, நிலம் ஜென்மத்தில் வந்ததா பட்டயத்தில் வந்ததா, சுற்றியுள்ள வயல் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்குமா என்பவற்றையும் அறிய வேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நிலச் சீர்திருத்தத்தில் குத்தகையாளர் வயலைப் பெற, அவ்வயல்களில் தலைமுறைகளாக உழைத்த குடிகிடப்புக்காரர், அதாவது பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தோர், ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட் அளவுக்கே உரிமை பெற்றனர். நாலுகெட்டைக் கட்டிய நெல் அவர்களுடைய உழைப்பு. வீட்டைக் காக்கிறவர்கள் அந்த வரலாற்றையும் மறைக்காமல் காத்தால்தான் புதுப்பித்தல் முழுமை பெறும்.