வழக்கு என்ற சொல்லும் ஓர் அடிமை ஓலையும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்குப் பக்கத்தில் கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பல்லவ மன்னன் கல்லில் கட்டிக் கடலில் தள்ளச் சொன்ன திருநாவுக்கரசர் கரையேறிய இடம் என்பார்கள். அந்தக் கதையில் விசாரணை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. புகார் போனது, தண்டனை வந்தது, அவ்வளவுதான்.

அதே பெரியபுராணத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. திருவெண்ணெய்நல்லூர் சபையில் சுந்தரர் மீது நடந்த வழக்கு அது. (இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர், 1993 வரை கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது.)

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் 'வழக்கு' என்றால் கோர்ட்டில் நடப்பதும்தான், ஊரில் பழகி வருவதும்தான். பேச்சு வழக்கு, உலக வழக்கு என்கிறோம். 'நியாயம்' வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அது தர்க்க சாஸ்திரத்தின் பெயர். நம்மிடம் வந்து ரேஷன் கடை வரைக்கும் இறங்கிவிட்டது, நியாய விலைக் கடை! பழக்கமும் தர்க்கமும் ஒத்துப் போகும்போது சிக்கல் இல்லை. மோதும்போது எது நியாயம்?

சுந்தரர் கதையில் மோதல் அதுதான். திருமணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து, "இவன் என் அடிமை" என்கிறார். அந்தணனுக்கு அந்தணன் அடிமையாவது எந்த ஊரிலும் இல்லாத வழக்கம். சுந்தரர் சிரிக்கிறார், பித்தன் என்கிறார், நீட்டிய ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் விடுகிறார்.

விவகாரம் சபைக்குப் போகிறது. சபையோருக்கும் முதியவர் சொல்வது விசித்திரமாகத்தான் படுகிறது. ஆனால் துரத்திவிடவில்லை. அனுபவ பாத்தியதை, எழுத்து ஆவணம், அயலார் சாட்சி, இந்த மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். கிழிக்கப்பட்டது நகல்தான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். இதையும் கிழித்துவிட்டால்? கிழிக்க விடமாட்டோம் என்று சபை உறுதி கொடுத்த பிறகே எடுக்கிறார். கரணத்தான் அதை வாசிக்கிறான். சுந்தரரின் பாட்டனார் தானும் தன் வழிவந்தவர்களும் அடிமை என்று எழுதிக் கொடுத்தது. அது பாட்டனாரின் கையெழுத்துதானா? காப்பில் இருந்த அவருடைய வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒத்துப் போகின்றன. சுந்தரர் தோற்றார் என்று தீர்ப்பாகிறது.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். ஆவணம் பார்த்துப் பழகிய கை இந்தப் பாடல்களில் நன்றாகவே தெரிகிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமும் மூல ஆவணத்தையே முதன்மைச் சாட்சியம் என்றது. சந்தேகமில்லாத கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி வைத்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய சட்டத்திலும் இவை தொடர்கின்றன.

சரி, நடைமுறையில் குறை சொல்ல முடியாது. இரு தரப்பையும் கேட்டார்கள், அச்சமில்லாமல் ஆவணம் காட்ட இடம் கொடுத்தார்கள். ஆனால் பாட்டன் எழுதியதற்குப் பேரன் எப்படிப் பொறுப்பாவான்? சபையில் யாரும் இதைக் கேட்கவில்லை. முதியவராக வந்தவர் சிவபெருமானே என்று பின்னால் தெரிவதால், வாசிக்கும் நாமும் கேட்பதில்லை. புராணத்துக்கு வெளியே அப்படி விட்டுவிட முடியாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மனிதர்களை விற்ற பத்திரங்கள் நிஜமாகவே உள்ளன. அங்கே இறைவன் வேடத்தில் யாரும் வரவில்லை.

அடிமையின் மீது உரிமை கோரினால் கோர்ட்டுகள் ஏற்கக் கூடாது என்று கம்பெனி அரசு 1843இல்தான் சட்டம் போட்டது. அப்புறமும் பண்ணைகளில் அப்பன் பட்ட கடனுக்கு மகன் உழைப்பது நிற்கவில்லை. 1976இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், வாரிசு வழியாக வந்து சேரும் கடப்பாட்டுக்காக உழைப்பதையும் கொத்தடிமை முறை என்றே வரையறுத்து ஒழித்தது. திருவெண்ணெய்நல்லூர் ஓலை இன்று கடலூர் கோர்ட்டுக்கு வந்தால், கையெழுத்தை ஒப்பிடும் வேலையே இருக்காது.