கைத்தடியில் எஞ்சிய நினைவு

எங்கள் வீட்டில் மூத்தவாப்பாவின் நிழற்படம் ஒன்றுகூட இல்லை. படம் பிடிப்பதை அவர் விரும்பியதில்லை. அவர் நினைவாக எஞ்சியிருப்பது, மாத்தளைக்கு அண்மையிலுள்ள ஹபுவித கிராமத்தில் சொல்லிச் செய்வித்த அரக்குக் கைத்தடி மட்டுமே.

ஹபுவிதக் கைவினைஞர் இவ்வேலைக்குத் தூரிகையைத் தொடுவதில்லை. நிறமூட்டிய அரக்கை அனலில் இளக்கி, நூலாக இழுத்து, மரத்தின்மீது பதித்துப் பெருவிரல் நகத்தால் துண்டிப்பர். நகத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லாலேயே இது 'நியபொத்து' வேலை எனப்படுகிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு ஆகியவையே பெரும்பாலும் நிறங்கள். கண்டியரசுக் காலத்தில் கொடிக்கம்பு, ஈட்டிப்பிடி, ஏட்டுச்சுவடிப் பலகை என்பன அரக்கு வேலையால் அழகுபெற்றன. 1815இல் அவ்வரசு வீழ்ந்ததும் அரசவை ஆதரவும் மறைந்தது. ஆயினும் கைத்தொழில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகால சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூலில் அரக்கு வேலையையும் பதிவுசெய்துள்ளார்.

எங்கள் தடியின் பிடியருகே மூத்தவாப்பாவின் பெயரின் முதலெழுத்து இருக்கிறது. செய்தவரின் பெயர் எங்குமில்லை. வாப்பாவிடம் கேட்டேன்.

"நல்ல மனிசன், மூத்தவாப்பாட கூட்டாளி. பேர்தான் மறந்துபோச்சு" என்றார்.

சென்ற தவணையில் என் மாணவர்களிடம், வீட்டிலுள்ள பழம்பொருள்களைச் செய்தவர் யாரெனக் கேட்டு எழுதிவரச் சொன்னேன். பலரது கொப்பிகளில் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.