சோத்துக்குப் போன பட்டாளம்

தாராபுரம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் 'பட்டாளத்தார் தோட்டம்', 'மிலிட்டிரிக்காரர் வீடு' என்று ஒன்றைக் கைகாட்டுவார்கள். அவர் எந்தப் போரில் எங்கே நின்றார் என்று கேட்டால் பதில் வராது. "பர்மாவோ என்னமோ சொல்லுவாங்க" என்பதோடு முடிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரில் இந்திய இராணுவத்தில் இருந்தவர்கள் 25 லட்சம் பேர். உலகின் மிகப்பெரிய தன்னார்வப் படை என்று பெருமையாக எழுதுவார்கள். கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் 1940இல் வந்தது, ஆனால் அது இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர்களுக்குத்தான். தொழில் தெரிந்தவர்களைப் போர் வேலைக்கு இழுக்கத் தனியாக ஓர் அவசரச் சட்டம் இருந்தது. ஏர் பிடிக்கிற பையனை யாரும் சட்டம் போட்டு அழைக்கவில்லை. அப்படியானால் 'தன்னார்வம்' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

அன்றைய தாராபுரம் தாலுகாவை யோசித்துப் பாருங்கள். மலை மறைவுப் பிரதேசம். அமராவதி அணை 1950களின் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன் ஆற்றோரம் தவிர மற்றதெல்லாம் சோளமும் கம்பும்தான், கிணறு வற்றினால் அதுவும் போச்சு. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் மதராஸ் மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. விலை ஏறியது. 'கண்ட்ரோல் காலம்' என்று பாட்டிகள் சொல்வது இதைத்தான். அந்த நேரத்தில் ஒருவர் மூணு வேளை சோறு, துணி, பூட்ஸ், மாசம் 16 ரூபாய் என்கிறார். பின்னால் அது 18 ஆனது. பதினெட்டு வயதுப் பையன் என்ன செய்வான்?

பூட்ஸைச் சும்மா சொல்லவில்லை. பண்ணையத்தில் ஆளாக இருந்த வீட்டுப் பையன் ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலம் அது. அவனுக்குச் சர்க்காரே பூட்ஸ் மாட்டிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததும் அதே சர்க்கார்தான். மதராஸ் படைக்கே தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். 1920களில் மதராஸ் ரெஜிமெண்டின் பட்டாளங்களைக் கலைத்தார்கள். ஆள் தட்டுப்பாடு வந்ததும் மறுபடி கூட்டினார்கள். போர் முடியும்போது பஞ்சாபுக்கு அடுத்தபடி அதிக ஆட்களைக் கொடுத்த மாகாணம் மதராஸ்!

வந்தவர்களில் பலர் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். எடை அளவுகளைத் தளர்த்தி எடுத்து, சோறு போட்டு உடம்பேற்றினார்கள். பயிற்சியின் சில மாதங்களிலேயே எடை கூடியதாகப் பதிவுகள் உண்டு. எதிரியை எதிர்கொள்ளும் முன் மொழியை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. இராணுவத்தின் பொதுமொழி ரோமன் எழுத்தில் எழுதிய உருது. தமிழே கையெழுத்துப் போடும் அளவுக்கு மட்டும் தெரிந்தவன் கதி என்ன, சொல்லுங்க.

மதராஸிகள் நிறையப் பேர் சாப்பர், பயனீர், சப்ளை பிரிவுகளில் இருந்தார்கள். பாலம் கட்டுவது, சேற்றில் ரோடு போடுவது, மூட்டை சுமப்பது. பர்மா முனையில் குண்டைவிட மலேரியா அதிகம் பேரைப் படுக்க வைத்தது. தினமும் விழுங்கிய மெபாக்ரின் மாத்திரையில் தோல் மஞ்சளானது.

அவர்கள் எழுதிய கடிதங்களை இராணுவத் தணிக்கையாளர்கள் பிரித்துப் படித்து அறிக்கை எழுதினார்கள். 1943 வாக்கிலான அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது ஊரில் தானிய விலை என்ன, அனுப்பிய பணம் போதுகிறதா என்கிற கவலை. சோத்துக்குப் போனவன் வயிறு நிறைந்தது. வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது அவனுக்குத் தெரியவில்லை.

இதே கோவை ஜில்லாவில் 1942 ஆகஸ்டில் சூலூர் விமானத்தளத்துக்குத் தீ வைத்தார்கள். தீ வைத்தவர்களுக்கு நம் நினைவில் இடம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். காக்கி போட்டவனை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று சுதந்திர இந்தியாவுக்குத் தெரியவில்லை. எழுதாமலே விட்டுவிட்டது.

போரில் இறந்த இந்தியர்கள் சுமார் 87,000 பேர். ரங்கூனுக்கு வடக்கே தவுக்யானில், கல்லறை கிடைக்காத சுமார் 27,000 பேரின் பெயர்கள் தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியல் இப்போது இணையத்தில் இருக்கிறது. இன்னார் மகன், இன்னார் கணவன், இன்ன ஊர், கோயமுத்தூர் என்ற வடிவில் பதிவுகள் வரும். சிலவற்றில் ஊர் இருக்காது, வெறும் எண்தான். உங்கள் ஊர்ப் பெயரைத் தேடினால் இன்றைய எழுத்துக்கூட்டலில் கிடைக்காது. வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நாலைந்து விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.