ஜான் மரி வியான்னியும் குருத்துவத் தேர்வும்

ஒருவர் குருத்துவப் பணிக்குத் தகுதியானவரா என்பதை முன்கூட்டியே அறியக் கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலமாக முயன்று வந்துள்ளது. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் மறைமாவட்டம்தோறும் குருமடம் அமைக்க ஆணையிட்டது. இந்த முறை ஒருவரைக் கணிப்பதில் தடுமாறியதற்குப் பிரான்சு நாட்டின் ஜான் மரி வியான்னி (1786–1859) நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.

லியோன் நகருக்கு அருகிலுள்ள தார்தில்லியில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் வியான்னி. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வளர்ந்ததால் முறையான பள்ளிக் கல்வி அவருக்குச் சரியாகக் கிட்டவில்லை. இருபது வயதளவில் எக்கூய் பங்குத்தந்தை பாலேயிடம் இலத்தீன் கற்கத் தொடங்கினார். பாடம் மனத்தில் நிற்கவில்லை. 1813இல் லியோன் குருமடத்தில் சேர்ந்தார். அங்கே பாடங்கள் இலத்தீனில் நடந்தன. சில மாதங்களிலேயே அவர் வெளியேற்றப்பட்டார்.

குருமடத்தாரைக் குறைகூற இடமில்லை. திருப்பலியும் இறையியல் நூல்களும் அன்று இலத்தீனிலேயே இருந்தன. ஆனால் மாணவரை ஆண்டுக்கணக்கில் அருகிருந்து பார்த்தவர் பாலே. அவர் விடாமல் பரிந்து பேசியதால் எக்கூயிலேயே வியான்னியிடம் மீண்டும் கேள்விகள் கேட்கப்பட்டன. இம்முறை விடைகள் நிறைவளித்தன. புரட்சிக்குப் பின் குருக்களுக்குப் பெரும் பற்றாக்குறை நிலவியதையும் மறந்துவிடக் கூடாது. 1815 ஆகஸ்ட் 13 அன்று கிரெனோபிள் நகரில் அவர் குருப்பட்டம் பெற்றார்.

ஐயம் அத்துடன் தீரவில்லை. பட்டம் பெற்றும் பாவசங்கீர்த்தனம் கேட்க அவருக்கு உடனே அனுமதி தரப்படவில்லை. சில மாதங்கள் கழித்தே அது கிடைத்தது. பாலேயின் உதவிக் குருவாகவே அவர் பணியைத் தொடங்கினார். 1817இல் பாலே இறந்தார். மறு ஆண்டு, ஏறத்தாழ 230 பேர் மட்டுமே வாழ்ந்த ஆர்ஸ் என்னும் சிற்றூருக்கு வியான்னி அனுப்பப்பட்டார்.

எந்தப் பணியை அவரிடம் ஒப்படைக்க மேலிடம் தயங்கியதோ, அதற்காகவே பிற்காலத்தில் மக்கள் அவரைத் தேடி வந்தனர். இறுதி ஆண்டுகளில் நாளொன்றுக்கு 16 மணி நேரத்துக்கும் மேலாக அவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருந்தார். ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் ஆர்ஸ் வந்தனர். அக்கம்பக்கத்துக் குருக்கள் சிலருக்கு அப்போதும் மனம் ஒப்பவில்லை. அவருக்குக் கல்வியறிவு போதாது என்று ஆயருக்கு விண்ணப்பம் எழுதிச் சுற்றுக்கு விட்டனர். அது தம் கைக்கு வந்தபோது வியான்னியும் அதில் கையொப்பமிட்டார் என அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

1925இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1929இல் பங்குத்தந்தையரின் பாதுகாவலராகவும் அறிவித்தார். குருமடங்களில் இலத்தீன் அதன் பின்னரும் கட்டாயமாகவே இருந்தது.