மூச்சுத் தசைத் தளர்ச்சியும் செயற்கைச் சுவாச விடுவிப்பும்: பேராதனை ஆய்வும் பழனி மலையும்

ஆய்வுச் சுருக்கம்

பூச்சிக்கொல்லி நஞ்சினால் மூச்சுத் தசைகள் தளரும் ‘இடைநிலை நோய்க்கூட்டு’ 1987இல் இலங்கையின் பேராதனையைச் சேர்ந்த மருத்துவர்களால் வரையறுக்கப்பட்டது. அக்கண்டறிதலின் பின்னணியையும், நோயாளியைச் செயற்கைச் சுவாசக் கருவியிலிருந்து விடுவிக்கும் அறிவு வளர்ந்த முறையையும், நஞ்சுக் கட்டுப்பாட்டு ஆணைகளையும் இணைத்து நோக்கி, பழனி மலை போன்ற வேளாண் மலைப்பகுதிக்கு அவ்வரலாறு உணர்த்துவதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

கொடைக்கானலை உள்ளடக்கிய மேற்பழனி மலை உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பூண்டு ஆகியவை விளையும் நிலம். காய்கறி வேளாண்மை உள்ள இடத்தில் பூச்சிக்கொல்லியும் உண்டு. அது தற்செயலாகவோ மனத்துயரின் வேகத்திலோ மனித உடலுக்குள் செல்வதும் உண்டு. ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சு, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் அசிட்டைல்கோலின் தேங்க, தசை இயங்கும் ஆற்றலை இழக்கிறது. அத்தளர்ச்சி உதரவிதானத்தை எட்டும்போது மூச்சு நின்றுவிடுகிறது.

இரு கட்டங்களுக்கு நடுவே

இந்நஞ்சின் இரு விளைவுகளை மருத்துவ உலகம் முன்பே அறிந்திருந்தது. ஒன்று, சில மணி நேரத்தில் தோன்றும் கடும் நெருக்கடி: உமிழ்நீர்ப் பெருக்கு, கண்மணிச் சுருக்கம், மூச்சுக்குழாயில் நீர்ச்சுரப்பு ஆகியன இதன் அறிகுறிகள், அட்ரோபின் இவற்றைத் தணிக்கும். மற்றொன்று, இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் கைகால் நரம்புகளில் தோன்றும் பாதிப்பு. 1930இல் அமெரிக்காவில் கலப்பட இஞ்சிச் சாராயம் அருந்திய பல்லாயிரவர் இவ்வாறு முடங்கினர்.

இவற்றுக்கு இடையிலும் ஒரு கட்டம் உண்டு என்பதற்கான முதற்சான்று இந்தியாவிலிருந்து வந்தது. 1974இல் புனேயைச் சேர்ந்த வாடியா குழுவினர், அட்ரோபினுக்குக் கட்டுப்படும் அறிகுறிகளை முதல் வகை என்றும், பின்னர்த் தோன்றி அட்ரோபினுக்குக் கட்டுப்படாத தளர்ச்சியை இரண்டாம் வகை என்றும் பிரித்தனர். 1987இல் பேராதனையைச் சேர்ந்த நிமல் சேனநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த ஆகிய இருவரும் 10 நோயாளிகளை ஆராய்ந்து, ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இக்கட்டத்துக்குப் பெயரும் எல்லையும் வகுத்தனர். நஞ்சுண்ட 24 முதல் 96 மணி நேரத்துக்குள், முதல் நெருக்கடி தணிந்த பின்னர், கழுத்தை முன்வளைக்கும் தசைகள், தோள் இடுப்பை ஒட்டிய தசைகள், முகம் கண் சார்ந்த நரம்புகள், மூச்சுத் தசைகள் ஆகியன தளர்ந்தன. ஃபென்தியான், மோனோகுரோட்டோபாஸ், டைமெத்தோயேட், மெத்தமிடோபாஸ் ஆகிய நான்கும் காரணமாகக் காணப்பட்டன.

இக்கட்டம் ஏன் இவ்வளவு காலம் தாழ்ந்து இனங்காணப்பட்டது என்பது எண்ணத்தக்கது. செயற்கைச் சுவாசம் இல்லாத மருத்துவமனையில் மூச்சு நின்றவர் இறந்தார். அவ்விறப்பு நஞ்சின் பொது விளைவாகவே எழுதப்பட்டது. கருவி உயிரை நீட்டித்தபோதுதான் தளர்ச்சியின் தொடக்கம், போக்கு, மீட்சி ஆகியவற்றைத் தொடர்ந்து நோக்க முடிந்தது. எனவே, கருவியின் வரவும் இந்நோயின் கண்டறிதலும் ஒன்றோடொன்று பிணைந்தவை எனலாம்.

கருவியும் விடுவிப்பும்

1952இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பியோர்ன் இப்சன் என்னும் மயக்கவியல் மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் காற்றைக் கையால் செலுத்தும் முறையைப் புகுத்தினார். சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தினர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் இதுவே என்பர்.

மூச்சைத் தரும் வழி கிடைத்த பின்னர், கருவியை எப்போது அகற்றுவது என்னும் வினா எழுந்தது. ஆங்கில மருத்துவ வழக்கு இதற்குக் குழந்தையைப் பால்மறக்கச் செய்தல் என்னும் பொருள்படும் சொல்லையே ஆள்கிறது. 1991இல் யாங், டோபின் ஆகியோர் நிமிடத்துக்கான மூச்சு எண்ணிக்கையை ஒரு மூச்சின் லிட்டர் அளவால் வகுத்து, 105க்கு மேற்பட்டால் விடுவிப்புத் தோல்வியுறக்கூடும் என்றனர். 1995இல் எஸ்டபான் குழுவினர், நாளொன்றுக்கு ஒருமுறை நோயாளியைத் தானே மூச்சுவிடச் செய்து சோதித்தல், கருவி தரும் மூச்சுகளைப் படிப்படியாகக் குறைப்பதைவிட விரைவில் விடுவிக்கும் எனக் காட்டினர். 2008இல் லெவின் குழுவினர், 18 முதல் 69 மணி நேரம் கருவியில் இருந்த, மூளைச்சாவடைந்த 14 உறுப்புக் கொடையாளரின் உதரவிதானத் தசைநார்கள் பாதிக்கும் மேலாகச் சுருங்கியிருந்ததைக் கண்டனர்.

இங்கு ஒரு முரண் உள்ளது. நஞ்சினால் தளர்ந்த தசைக்குக் கருவியே துணை. அக்கருவியே ஓய்வின் வழியாகத் தசையை மெலிவிக்கிறது. முன்கூட்டி அகற்றினால் மூச்சு மீண்டும் தளரும். தாழ்த்தினால் தசை மேலும் நலியும். ஆகவே நாள்தோறும் சோதிப்பது இன்றியமையாதது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிக் கழுத்துத் தசையின் வலுவை அறிவது, எக்கருவியும் வேண்டாத எளிய சோதனை. தலையைத் தூக்க இயலாத நோயாளியின் மூச்சையும் ஐயுற வேண்டும்.

மலைப்பகுதியின் தனித்தன்மை

சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் உள்ளிழுக்கும் ஆக்சிஜனின் அழுத்தமும் குறைகிறது. தளர்ந்த மூச்சுக்கு அங்கு இருப்பு குறைவு. மேலும், முதல் நெருக்கடி நீங்கியவர் நலமுற்றவராகவே தோன்றுவார். அந்நிலையில் மேல்மலைச் சிற்றூருக்குத் திரும்பினால், இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ தளர்ச்சி தொடங்கும்போது அவருக்கும் கருவிக்கும் இடையே நெடிய மலைப்பாதை இருக்கும். எனவே, பேராதனை ஆய்வு வகுத்த 96 மணி நேர எல்லை இம்மலையைப் பொறுத்தவரை, நோயாளியை எவ்வளவு காலம் கண்காணிப்பில் வைப்பது, எப்போது சமவெளிக்கு அனுப்புவது என்பவற்றைத் தீர்மானிக்கும் அளவுகோலாகிறது.

தடையாணைகள்

1987ஆம் ஆண்டுக் கட்டுரை சுட்டிய நான்கு நஞ்சுகளின் பிற்கால வரலாறு கவனிக்கத்தக்கது. இலங்கை 1995இல் மோனோகுரோட்டோபாஸையும் மெத்தமிடோபாஸையும் தடைசெய்தது. 2008 முதல் 2011 வரையிலான காலத்தில் டைமெத்தோயேட்டையும் ஃபென்தியானையும் படிப்படியாக விலக்கியது. 1995க்கும் 2005க்கும் இடையே அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இந்தியா 2005இல் மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்குப் பயன்படுத்துவதை மட்டும் தடுத்தது. அதன் பரவலான 36 விழுக்காட்டுக் கரைசலுக்கான தடையாணை 2023இல்தான் வந்தது. ஒரு பயிருக்குத் தடைசெய்யப்பட்டு மற்றொரு பயிருக்கு விற்கப்படும் நஞ்சு, காய்கறி விளையும் ஊரின் கடையிலும் கிடைக்கவே செய்யும். பயிர்வாரித் தடையின் குறைபாடு இதுவே.

முடிவுரை

இடைநிலை நோய்க்கூட்டின் வரலாறு மூன்று உண்மைகளைப் புலப்படுத்துகிறது. தெற்காசிய வயல்வெளியின் துயரத்தைத் தெற்காசிய மருத்துவர்களே கூர்ந்து நோக்கி உலக மருத்துவத்துக்கு ஒரு புதிய நோயறிவை அளித்தனர். அந்நோயில் உயிர்காப்பது, கருவியோடு கழுத்தசைவையும் நாள்தோறும் நோக்கும் கவனமே. விடுவிப்புக் கலை எவ்வளவு வளர்ந்தாலும், கருவியை நாட வேண்டிய நிலையே எழாமல் தடுத்ததில் நஞ்சை விலக்கிய ஆணைகளின் பங்கு பெரிது. பழனி மலையின் நலவாழ்வு வரலாற்றை எழுத முற்படுவோர் மருத்துவமனை ஏடுகளோடு பூச்சிக்கொல்லிக் கடைகளின் விற்பனை ஏடுகளையும் சான்றாகக் கொள்ளுதல் தகும்.