மூன்று இடங்களில் ஒரு சொல்

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று வருகிறது. அந்த வீட்டு அம்மாள், புருஷனோடு மனஸ்தாபப்பட்ட ஒரு ராத்திரி, வேத புஸ்தகத்தைத் திறந்து ஆதியாகமத்தின் 3-ம் அதிகாரத்தை வாசிப்பதாக ஒரு கட்டம். விலக்கப்பட்ட கனியைத் தின்றதற்காக ஏவாளுக்குக் கடவுள் சொல்லும் தீர்ப்பு அங்கே இருக்கிறது. முதலில் பிரசவ வேதனை. அதற்கப்புறம், அவளுக்குப் புருஷன்மேல் ஆசை இருக்கும், அவன் அவளை ஆளுவான் என்று முடிகிறது.

அந்த ‘ஆசை’யில் என் பேனா நின்றுவிட்டது. வேதனை தண்டனைதான், சரி. பிறர் கையில் ஆளப்படுவதும் தண்டனைதான். ஆனால் கட்டின புருஷன்மேல் ஒரு பெண்ணுக்கு ஆசை இருப்பது எப்படித் தண்டனையாகும்? என் கதாநாயகி கெட்டிக்காரி. இந்தக் கேள்வியைக் கேட்காமல் அவளால் அந்த வரியைத் தாண்டியிருக்க முடியாது. பதில் தெரியாமல் நான் எப்படி அவளைத் தாண்ட வைப்பது?

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். குருமார்களுக்கு எபிரேய பாஷை கற்பித்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய்ச் சந்தேகத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அங்கே இருக்கிற மூலச்சொல் ‘தெஷூகா’. பழைய ஏற்பாடு முழுவதிலும் அது மூன்றே தடவைதான் வருகிறது, ஐயா. மூன்றையும் பாருங்கள். பிறகு உங்கள் அம்மாளை வாசிக்கச் சொல்லுங்கள்” என்றார்.

அந்த மூன்றைப் பார்ப்பதற்காக எபிரேய எழுத்துக்களைக் கற்றுக்கொண்டேன். பாஷை வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அகராதியும் பொறுமையும் துணையிருந்தால் எழுத்துக் கூட்டி ஒரு வாக்கியத்தைக் கடக்கலாம், அவ்வளவுதான். அந்த அளவுக்கே கல்யாணத்தைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் அந்தப் பழைய ஜனங்கள் பேசிய விதம் எனக்குப் பல இடங்களில் அந்நியமாகப் படவில்லை.

அவர்கள் ஒருவன் ஒருத்தியை ‘எடுத்தான்’ என்பார்கள். விவாகம் என்பதற்கு வழக்கமாக வரும் வினை இதுதான். பெண் எடுப்பதும் பெண் கொடுப்பதுமாகப் பேசுகிற நமக்கு இதில் விளக்கம் வேண்டியதில்லை. தாம்பத்தியத்தை ‘அறிதல்’ என்றார்கள். புருஷனைக் குறிக்க ‘பாகால்’ என்று ஒரு சொல் உண்டு. சொந்தக்காரன், உடையவன் என்று அர்த்தம். வயலுக்கும் மாட்டுக்கும் உடையவன் எவனோ அவனும் பாகால்தான். நம் பக்கத்து வீடுகளில் ‘ஆம்படையான்’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அகத்தை உடையவன், அகமுடையான். அதே வாசனை.

இன்னொரு சொல்லும் அவர்களிடம் இருந்தது. ‘ஈஷ்’ என்றால் மனுஷன்; புருஷன் என்றும் பொருள். பெண்ணுக்கு ‘ஈஷா’. இரண்டும் காதுக்கு ஒரு குடும்பத்துச் சொற்கள். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் இந்த ஓசைப் பொருத்தத்தை அழகாகப் பிடித்து, மனுஷன் என்றும் மனுஷி என்றும் போட்டார்கள். கி.மு. 8-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓசியா என்ற தீர்க்கதரிசி, கடவுளுக்கும் அவருடைய ஜனங்களுக்கும் உள்ள உறவை ஒரு தாம்பத்தியமாக வைத்துப் பேசுகிறார். ஒரு நாள் வரும், அன்றைக்கு மனைவி தன் கணவனைப் பாகால் என்று அழைக்கமாட்டாள், ஈஷ் என்றே அழைப்பாள் என்கிறார். பாகால் என்பது அண்டை ஜனங்களின் தெய்வத்துக்கும் பெயர். அந்த வெறுப்பும் இதில் உண்டு. ஆனாலும் ஒரு பெண் தன் புருஷனை ‘என் உடையவனே’ என்று கூப்பிடுவதும் ‘என் மனுஷனே’ என்று கூப்பிடுவதும் ஒன்றாகாது என்பது 2700 வருஷங்களுக்கு முன்பே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ் வேதத்தில் இந்த இடத்தில் பாகாலி, ஈஷி என்று இரண்டையும் எபிரேயமாகவே விட்டுவிட்டார்கள். வாசிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது விளங்கியிருக்கும்?

இனி தெஷூகாவுக்கு வருவோம். முதல் இடம் ஏவாள். இரண்டாவது இடம் அடுத்த அதிகாரத்திலேயே இருக்கிறது. காயீன் தம்பியின்மேல் பொறாமையால் வெந்துகொண்டிருக்கிறான். பாவம் வாசற்படியில் படுத்திருக்கிறது, அதன் தெஷூகா உன்மேல் இருக்கிறது, நீ அதை ஆளவேண்டும் என்று அவனுக்கு எச்சரிக்கை வருகிறது. பதுங்கிக் கிடக்கும் மிருகத்தின் ஞாபகம் வருகிறதல்லவா? மூன்றாவது இடம் உன்னதப்பாட்டு. முழுக்க முழுக்கக் காதல் பாட்டு அது. அங்கே பேசுகிறவள் ஒரு பெண். தான் தன் காதலனுக்கு உரியவள் என்றும், அவனுடைய தெஷூகா தன்மேல் இருக்கிறதென்றும் பெருமையோடு சொல்கிறாள். ஏவாளின் தீர்ப்பில் ஆசை பெண்ணிடமிருந்து ஆணிடம் போயிற்று. இங்கே ஆணிடமிருந்து பெண்ணிடம் வருகிறது. ஆளுவது என்ற பேச்சே இல்லை.

ஒரே சொல் சாபத்திலும் வருகிறது, மிருகத்தின் பதுங்கலிலும் வருகிறது, காதலிலும் வருகிறது. தமிழில் மட்டும் படிக்கிறவருக்கு இது தெரிய வழியில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், 1719-ல் காலமானபோது பழைய ஏற்பாட்டில் ரூத்தின் கதை வரையில்தான் தமிழாக்கியிருந்தார். அவருக்குப் பிறகு பலர் உழைத்தார்கள். ஹென்றி பவர் தலைமையில் செய்யப்பட்டு 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பே சபைகளில் நிலைத்தது. அதில் முதல் இரண்டு இடங்களிலும் ‘ஆசை’, உன்னதப்பாட்டில் ‘பிரியம்’. பெண்ணுக்கு வந்தால் ஆசை, ஆணுக்கு வந்தால் பிரியம்! வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தந்த இடத்துக்கு எது பொருந்துமென்று தோன்றியதோ அதைப் போட்டிருப்பார்கள். ஆனால் எது பொருந்துமென்று தோன்றுகிறது என்பதில்தானே ஒரு காலத்தின் மனசு தெரிகிறது!

இதே சந்தேகத்தை எனக்கு வெகு காலத்துக்கு முன்பே ஒரு ஸ்திரீ எழுப்பியிருந்தார் என்று பிறகு அறிந்தேன். அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் காதரின் புஷ்னெல். 1855-ல் பிறந்தவர். 1879-ல் மிஷன் டாக்டராகச் சீனாவுக்குப் போய் மூன்று வருஷம் இருந்தார். 1888-ல் விஸ்கான்சின் மாநிலத்து மரம்வெட்டும் முகாம்களில் பெண்களை அடைத்துவைத்து விபசாரம் நடத்தியதைத் துப்பறிந்து வெளியிட்டார். அதற்கப்புறம் நம் தேசத்துக்கும் வந்தார்.

1891-லும் 92-லும் அவரும் எலிஸபெத் ஆண்ட்ரூ என்ற தோழியும் வட இந்தியாவின் ராணுவக் கன்டோன்மெண்டுகளில் சுற்றினார்கள். வெள்ளைச் சிப்பாய்களுக்கென்று இந்தியப் பெண்களைச் சக்லாக்களில் வைத்து, கட்டாய வைத்தியப் பரிசோதனை செய்து அனுப்பும் ஏற்பாடு அங்கே நடந்துகொண்டிருந்தது. அது கூடாதென்று பார்லிமெண்ட் தீர்மானித்த பிறகும் நடந்தது. இருவரும் அந்தப் பெண்களோடு பேசிக் குறிப்பெடுத்தார்கள். 1893-ல் லண்டனில் விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். அப்படி ஒன்றும் கிடையாது என்று முதலில் மறுத்த ராபர்ட்ஸ் பிரபு, இந்தியாவில் பிரதம சேனாதிபதியாக இருந்தவர், பிறகு மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது.

இந்தக் காரியங்களையெல்லாம் பார்த்தும் பொறுத்தும் இருந்தவர்கள் கிறிஸ்தவர்கள், வேதம் வாசிக்கிறவர்கள். பெண் ஆளப்படவேண்டியவள் என்று இவர்களுக்கு எது சொல்லிக்கொடுத்தது என்று புஷ்னெல் யோசித்தார். மொழிபெயர்ப்பில் எங்கோ கோளாறு என்று பட்டது. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இறங்கினார். 100 பாடங்களாக எழுதி, தபால் மூலம் பெண்களுக்கு அனுப்பி, பிற்பாடு 1920-களில் முழுப் புத்தகமாக்கினார்.

தெஷூகாவைப் பற்றி அவர் சொன்னது இது. கி.மு. 3-ம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியாவில் யூதர்களே தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, இந்தச் சொல்லை ‘திரும்புதல்’ என்றே பெயர்த்தார்கள். ஆசை, இச்சை என்ற பேச்சே அங்கே இல்லை. 1528-ல் வெளிவந்த தம் லத்தீன் மொழிபெயர்ப்பில் பக்நீனுஸ் என்ற இத்தாலியப் பாதிரிதான் இச்சை என்ற பொருளைப் புகுத்தினார். மற்றவர்கள் அவரைத் தொடர்ந்தார்கள். உண்மையில் கடவுள் ஏவாளிடம் சொன்னது, ‘நீ என்னைவிட்டு உன் புருஷன் பக்கம் திரும்புகிறாய், அவன் உன்னை ஆளுவான்’ என்கிற எச்சரிக்கை. நடக்கப்போவதைச் சொன்னாரே தவிர, அப்படி நடக்கவேண்டுமென்று கட்டளையிடவில்லை.

இதைப் படித்ததும் எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல. என் கதாநாயகிக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு நல்ல மனுஷி, நல்ல காரியத்துக்காகப் பாடுபட்டவள், சொல்வது சரியாகத்தான் இருக்கவேண்டும் என்று மனசு ஆசைப்பட்டது. அப்படி ஆசைப்படும்போதுதான் மறுபடியும் ஒரு தடவை பார்க்கவேண்டும்.

பார்த்தேன். பக்நீனுஸ்மேல் போட்ட பழி முழுவதும் நிற்கவில்லை. அவருக்கு 400 வருஷங்களுக்கு முன்பே, 11-ம் நூற்றாண்டில், பிரான்ஸில் இருந்த ராஷி என்ற யூதப் பேராசிரியர் இதைத் தேக சம்பந்தமான ஆசை என்றே விளக்கியிருக்கிறார். அதற்கும் முன்னால், 2-ம் நூற்றாண்டு வாக்கில், வேதத்தைக் கிரேக்கத்தில் புதிதாகப் பெயர்த்த சிம்மாக்குஸ், மனசின் உந்துதல் என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட்டிருக்கிறார். ஆக, ஆசை என்ற அர்த்தம் ஒரு பாதிரியின் கைச்சரக்கு அல்ல, பழைய சரக்குதான். பெரியவரிடம் போய்ச் சோர்வோடு இதைச் சொன்னேன்.

“அந்த அம்மாள் 1946-ல் காலமானாள். அடுத்த வருஷம் என்ன நடந்தது, தெரியுமா?” என்று கேட்டார் அவர்.

1947-ல் சாக்கடல் ஓரத்துக் குகைகளில் கண்டெடுத்த பழஞ்சுருள்களைப் பற்றி அறிஞர்களுக்குத் தெரியவந்தது. சுமார் 2000 வருஷத்துக் கையெழுத்துச் சுருள்கள். மூன்றே இடங்களில் இருந்த தெஷூகா அவற்றிலும் சில இடங்களில் வருகிறது. ஒன்றில், மண்ணால் ஆன மனிதனின் தெஷூகா மண்ணை நோக்கியே இருக்கிறது என்று பொருள்படுகிறது. மனிதன் மண்மேல் ஆசைப்படுகிறான் என்பதைவிட, மண்ணுக்கே திரும்புகிறான் என்பதுதான் அங்கே இயல்பாக இருக்கிறது. திரும்புதல் என்று சொன்ன அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர்களும் அவர்களை நம்பிய புஷ்னெலும் ஒரேயடியாகத் தவறிவிடவில்லை. யாரால் கெட்டது என்பதில் அவர் பிசகினார். அர்த்தத்தில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்தது. அது தெரிவதற்குள் அவர் போய்விட்டார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. காயீனின் வாசற்படியில் கிடந்த மிருகத்தை வைத்து ஏவாளுக்கும் அர்த்தம் சொல்லும் கட்சி ஒன்று 1975-ல் கிளம்பியது. மனைவியின் தெஷூகா என்பது புருஷனை அடக்கி ஆளும் ஆசை, அதனால்தான் அவன் அவளை ஆளவேண்டியிருக்கிறது என்பது அவர்கள் வாதம். இதைச் சொன்னவர் ஒரு பெண்மணி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் பலர் கையிலுள்ள ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு, 2016-ல் ஏவாளின் ஆசை புருஷனுக்கு ‘விரோதமாக’ இருக்கும் என்று மாற்றிக்கொண்டது. கூச்சல் எழுந்தது. 2025-ல் பழையபடியே திருத்திவிட்டார்கள். அந்த ஒன்பது வருஷத்தில் எத்தனை வீடுகளில், எத்தனை மனஸ்தாபங்களுக்கு நடுவே, அந்த ஒரு வார்த்தை சாட்சிக்கு இழுக்கப்பட்டிருக்குமோ!

என் நாவலில் அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். எடுக்கவில்லை. அந்த அம்மாள் விளக்கடியில் உட்கார்ந்து வாசிக்கிறாள். ‘ஆசை’ என்ற இடத்தில் ஒரு கணம் நிற்கிறாள், அவளுக்குப் புரியவில்லை, நானும் புரியவைக்கவில்லை. ஆனால் அடுத்த வார்த்தையில் மறுபடி நிற்கிறாள். ‘ஆளுவான் என்றுதானே இருக்கிறது? ஆளவேண்டும் என்று இல்லையே!’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டு புஸ்தகத்தை மூடுகிறாள்.

அவளுக்கு எபிரேயம் தெரியாது. அதற்குத் தமிழே போதுமாக இருந்தது.