பீங்கான் சூளையும் மாறுபாட்டுப் பகுப்பாய்வும்

ஒரு தொழிலுக்கு முன்கூட்டியே வகுத்த வரவு செலவுத் திட்டத்தை உண்மையில் நடந்த வரவு செலவோடு ஒப்பிட்டு, வித்தியாசம் எதனால் வந்தது எனப் பிரித்தறிவது மாறுபாட்டுப் பகுப்பாய்வு எனப்படும். வணிகவியல் மாணவர்கள் சூத்திரங்களாகப் படிக்கும் இம்முறையின் வேர்களில் ஒன்று மட்பாண்டத் தொழிலில் உள்ளது.

வரலாறு

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்சயர் பகுதியில் 1769இல் எட்ரூரியா ஆலையைத் தொடங்கியவர் ஜோசையா வெட்ஜ்வுட். 1772இல் பிரிட்டனில் கடன் நெருக்கடி மூண்டு வணிகம் சரிந்தபோது, தம் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை அவர் தனித்தனியே கணக்கிட்டார். வாடகை, அச்சுகள், சிலரது கூலி போன்றவை உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக மாறவில்லை என்பது அப்போது தெரிந்தது. கணக்கர் ஒருவரின் கையாடலும் அந்த ஆய்வில் வெளிப்பட்டது. மாறாச் செலவு, மாறும் செலவு என்று இன்று பிரிப்பதை அவர் சூளையருகே கண்டறிந்தார் எனலாம்.

மாறுபாட்டை அளக்கும் முறை பின்னரே வந்தது. அமெரிக்காவில் பணியாற்றிய ஜி. சார்ட்டர் ஹாரிசன் 1911இல் முழுமையான நியமச் செலவு முறையொன்றை அமைத்தார். 1918இல் மாறுபாடுகளுக்கான சூத்திரங்களை வெளியிட்டார். 1922இல் ஜேம்ஸ் மெக்கின்சி வரவு செலவுத் திட்டக் கட்டுப்பாடு குறித்து நூல் எழுதினார். இந்தியாவில் அடக்கவிலைக் கணக்காளர்களுக்கான நிறுவனம் 1944இல் தோன்றி, 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டப்பூர்வ நிலை பெற்றது.

விருத்தாசலத்துச் சூளையில்

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். மின்சார ஃபியூஸ் கட்டைகள், பொம்மைகள் முதலியவை இங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் உருவாகின்றன. அத்தகைய கூடம் ஒன்றைக் கற்பனையாகக் கொள்வோம்.

ஒரு சூளை அடுக்குக்கு 500 கிலோ களிமண், கிலோ 8 ரூபாய் எனத் திட்டம். செலவு 4,000 ரூபாய். உண்மையில் 540 கிலோ, கிலோ 7.50 ரூபாய், செலவு 4,050 ரூபாய். உற்பத்தி அளவு மாறவில்லை. 50 ரூபாய்தானே என்று உரிமையாளர் விட்டுவிடக்கூடும். பிரித்துப் பார்த்தால்:

விலை மாறுபாடு: (8 – 7.50) × 540 = 270 ரூபாய், சாதகம்.
அளவு மாறுபாடு: (540 – 500) × 8 = 320 ரூபாய், பாதகம்.

மலிவாக வாங்கிய மண், சேதாரத்தைக் கூட்டியிருக்கலாம். அப்படியானால், வார்ப்பவரின் கவனக்குறைவு என்று கூலியில் கைவைப்பது தவறான தீர்ப்பாகிவிடும். மண்ணின் தரம், உலர்த்திய விதம், சூளையின் வெப்பம் ஆகியவற்றை நேரில் ஆராய வேண்டும். எங்கே தேடுவது என்பதைக் கணக்கு காட்டும். காரணத்தை உறுதிசெய்வது தொழிற்கூடத்தில்தான்.

நெகிழ்வுத் திட்டம்

உற்பத்தி அளவு மாறும்போது திட்டத்தையும் அதற்கேற்பத் திருத்திய பின்னரே ஒப்பிட வேண்டும். 20 சூடுகளுக்கு எரிபொருள் 1,00,000 ரூபாய் எனத் திட்டமிட்டு, 25 சூடுகளுக்கு 1,20,000 ரூபாய் செலவானால், மேலோட்டமாக 20,000 ரூபாய் மிகை. ஆனால் 25 சூடுகளுக்கு உரிய செலவு 1,25,000 ரூபாய். உண்மையில் 5,000 ரூபாய் மிச்சம். மாறாச் செலவான வாடகையை இவ்வாறு பெருக்கலாகாது. வெட்ஜ்வுட் 1772இல் கண்ட வேறுபாடு இங்கே பயன்படுகிறது.